தூரத்துப் பறையும் மூன்று பட்டைகளும்: ஒலியை வகுப்பதன் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒரு பாட்டு ஒரு பாட்டாகக் கேட்கப்படுவதில்லை. 'லோ', 'மிட்', 'ஹை' என்று மூன்றாகவோ நான்காகவோ வகுத்துத்தான் கேட்கிறார்கள். நம்மூர் மைக்செட்காரர்கள் இதையே பேஸ், ட்ரெபிள் என்று இரண்டாகச் சுருக்கி, "பேஸை கொஞ்சம் ஏத்துப்பா" என்பார்கள். இரண்டோ நான்கோ, ஒலியை அதன் அதிர்வெண் அடிப்படையில் பட்டை பட்டையாக வகுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனிச் சட்டம் போடுவது என்பதே இன்றைய இசைத் தயாரிப்பின் அடிப்படை நடைமுறையாகிவிட்டது. 'மல்டிபேண்ட் கம்ப்ரஷன்' என்பது அதன் முதிர்ந்த வடிவம்.

இதன் இயக்கத்தை முதலில் புரிந்துகொள்வோம். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. இந்தப் பரப்பில் எடுத்துக்காட்டாக 200 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 3,000 ஹெர்ட்ஸில் ஒரு கோடு போடுகிறார்கள். 'கிராஸ்ஓவர்' என்பது இந்தக் கோட்டின் பெயர். வடிகட்டிகள் வழியே பிரிந்த மூன்று துண்டுகளும் மூன்று கம்ப்ரஸர்களுக்குள் போகின்றன. கம்ப்ரஸர் என்பது ஒரு வரம்பை நிர்ணயித்துவிட்டு, வரம்பை மீறி எழும் ஒலியை அமுக்குகிற கருவி. எந்த அளவில் அமுக்கத் தொடங்குவது, எவ்வளவு அமுக்குவது, எத்தனை மில்லி செகண்டில் பாய்வது, எவ்வளவு நேரம் கழித்துப் பிடியைத் தளர்த்துவது என்பதெல்லாம் பட்டைக்குப் பட்டை வேறுபடும். முடிவில் மூன்றையும் கூட்டி மறுபடி 'ஒரு பாட்டு' ஆக்குகிறார்கள்.

ஏன் இவ்வளவு சிரமம்? வெட்டாமல் மொத்தத்தையும் ஒரே கம்ப்ரஸருக்குள் விட்டால், ஒவ்வொரு முறை கனமான மத்தளம் விழும்போதும் அந்த அடியின் பலத்தைப் பார்த்துக் கருவி முழுப்பாட்டையும் அமுக்கிவிடும். அடிக்கு அடி பாடகரின் குரல் பம்மி எழும். அடித்தவர் ஒருவர், அமுக்கப்பட்டவர் வேறொருவர். அதைத் தவிர்க்கத்தான் வகுப்பது. 'இதுல என்ன சார் அரசியல்? கத்தி மாதிரி இதுவும் ஒரு கருவிதானே' என்று கேட்கலாம். கத்திதான். கோடு எங்கே விழுகிறது, யார் கையால் விழுகிறது, வெட்டுப்படும் உடல் எது என்கிற கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

2

ஒலியைப் பட்டைகளாக வகுக்கும் உத்தி இசைக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1930களில் ஹோமர் டட்லி உருவாக்கிய 'வோகோடர்' மனிதப் பேச்சைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் பலத்தை மட்டும் கம்பியில் அனுப்பிப் பார்த்தது. ஒரே கம்பியில் கூடுதல் பேச்சுக்களை ஏற்றுவது அதன் வணிக நோக்கம். தொலைபேசிக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வரையறுத்ததும் இதே கணக்குத்தான். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 300க்குக் கீழே இருக்கிறது. ஆக, இந்தத் தொலைபேசியில் அந்த அடிக்குரல் வருவதே இல்லை. மேலே கேட்கும் கிளையதிர்வுகளை வைத்து நம் மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. 'புரிந்தால் போதும்' என்கிற அளவுகோல் வந்தவுடன், எது தேவையற்றது என்கிற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது.

ரே டால்பியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. யுனெஸ்கோவின் ஆலோசகராக 1960களின் முற்பகுதியில் இந்தியாவில் பணியாற்றியவர் அவர். 1965இல் லண்டன் போய் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவருடைய முதல் கருவியான 'டால்பி ஏ' ஒலியை நான்காக வகுத்தது: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 80 முதல் 3,000 வரை, 3,000க்கு மேலே, 9,000க்கு மேலே. ஒலிநாடாவின் 'ஸ்ஸ்' என்கிற இரைச்சலை, இசையைக் காயப்படுத்தாமல் நீக்குவது நோக்கம். அடுத்து 1970களில் அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள் மற்ற நிலையங்களைவிடத் தாங்களே உரக்கக் கேட்கவேண்டும் என்பதற்காகப் பட்டை பட்டையாக அமுக்கி வீங்கவைக்கும் வேலையில் இறங்கின. இரைச்சலை நீக்க வந்த உத்தி, விளம்பரதாரருக்காக உரக்கக் கத்தும் உத்தியாக மாறியது இப்படித்தான்.

எது இசை, எது இரைச்சல் என்பதை வரையறுக்கும் உரிமை அதிகாரத்தின் உரிமை என்று பிரெஞ்சு அறிஞர் ழாக் அத்தாலி 1977இல் எழுதிய நூலில் வாதிட்டார். அத்தாலியைப் படித்துத்தான் இது தெரியவேண்டும் என்கிற நிலையில் தஞ்சை மாவட்டத்துச் சேரிக்காரர் யாரும் இல்லை. அவர் கையிலிருக்கும் கருவியின் பெயரே 'தப்பு'.

3

இனி காவிரிப் படுகைக்கு வருவோம்.

இங்கே ஒலியை வகுக்கும் கருவி ஸ்டுடியோவுக்கு முன்பே இருந்தது. அதன் பெயர் தூரம். குடித்தெருவுக்கும் சேரிக்கும் இடையில் விடப்பட்ட வயல், வாய்க்கால், வரப்பு, தென்னந்தோப்பு. ஒலியியல் எளிமையாகச் சொல்கிறது: 125 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியைக் காற்று ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல்கூட உறிஞ்சுவதில்லை. 8,000 ஹெர்ட்ஸுக்குப் போனால் அதே தூரத்தில் பல பத்து டெசிபல்கள் காணாமல் போகின்றன. தாழ்ந்த அதிர்வு மரத்தையும் சுவரையும் வளைத்துக்கொண்டு வரும். உயர்ந்த அதிர்வு மறைப்பில் பட்டு நின்றுவிடும்.

தப்பு என்கிற கருவியை இந்த உண்மையோடு சேர்த்து யோசியுங்கள். வட்டமான மரச்சட்டம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்ட மாட்டுத்தோல், வைக்கோல் தீயில் காய்ச்சி ஏற்றிய விறைப்பு. ஒரு கையில் மெல்லிய நீண்ட சிம்புக் குச்சி, மறு கையில் கட்டையான அடிக்குச்சி. அடிக்குச்சி நெஞ்சில் இறங்கும் கனத்தைத் தருகிறது. சிம்புக் குச்சி தோலைச் சுண்டி, வெடிப்பும் சொடுக்குமாக எழுத்து எழுத்தாகச் சொற்கட்டைச் சொல்கிறது. பேச்சு முழுக்கச் சிம்புக் குச்சியில் இருக்கிறது. ஆனால் அரை மைல் வயலைத் தாண்டிக் குடித்தெருவுக்குள் நுழைவது எது? அடிக்குச்சியின் 'தும்... தும்' மட்டும். சொற்கட்டு வரப்பிலேயே உதிர்ந்துவிடுகிறது.

ஆக, தீண்டாமை என்பது ஒரு ஒலி வடிகட்டியாகவும் தொழிற்பட்டிருக்கிறது. தாழ்ந்ததை மட்டும் அனுமதித்து உயர்ந்ததை வெட்டும் வடிகட்டி. சேரியின் இசையிலிருந்து நுட்பத்தை உருவிவிட்டு, வெறும் அடியை மட்டும் ஊருக்குள் விடுவது. அதைக் கேட்டுவிட்டு, 'பறையில என்ன இருக்கு, வெறும் அடிதானே' என்பது. தூரத்தை வைத்தவரே தூரத்தின் விளைவைப் பறையின் குணமாக்கிப் பேசுகிறார்.

எதிர்த்திசையில் நடந்தது இதன் மறுபாதி. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஏறத்தாழ 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சரியாக ஒலிக்க முடியாத கருவி. அதன் கூம்பின் அளவே அதற்குக் காரணம். எனவே தென்னைமர உச்சியிலிருந்து சேரிக்கு வந்து சேர்ந்த மங்கள இசையில் நாயனத்தின் கூர்மை இருந்தது, தவிலின் தொப்பி இல்லை. ஊர் தன் மேல்பாதியைச் சேரிக்கு அனுப்பியது. சேரியின் கீழ்ப்பாதியை மட்டும் வாங்கிக்கொண்டது. ஒருவர் இசையை ஒருவர் முழுசாகக் கேட்டதே இல்லை.

இலக்கணம் படித்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். தொல்காப்பியம் கருப்பொருள்களின் வரிசையில் தெய்வம், உணவு ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. மருதத்திற்கு உரியவையாக மணமுழவையும் நெல்லரிகிணையையும் சொல்வது மரபு. நெல்லரிகிணை என்றால் நெல் அரியும்போது கொட்டும் பறை. அதாவது இலக்கணம் காட்டும் மருதத்தில் பறை வயலுக்குள்ளேயே, அரிவாளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை வயலுக்கு அந்தப் பக்கம் தள்ளிய வரலாறு நிலவுடைமையின் வரலாறு.

நம் எழுத்தாளர்களும் இந்த வடிகட்டிக்கு வெளியே இல்லை. தஞ்சை மண்ணிலிருந்து வந்த புனைகதை சங்கீதத்திற்குக் காது கொடுத்த புனைகதை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' கும்பகோணத்தில் சங்கீதம் பயிலும் ஒருவனின் கதை. தம்புராவின் நாதம் எப்படிப் பிரியும், எப்படிச் சேரும் என்பதையெல்லாம் தமிழ் உரைநடை இந்த மரபில்தான் கற்றது. அதே உரைநடைக்குப் பறை என்றால் என்ன? 'எங்கோ தூரத்தில் பறை ஒலித்தது.' சாவுக்கு ஒரு குறியீடு, இருட்டுக்கு ஒரு பின்னணி. முற்போக்கு எழுத்தும் பெரிதாக வேறுபடவில்லை. அங்கே பறை எழுச்சியின் குறியீடு. இரண்டிலுமே அடிக்குச்சி மட்டுமே கேட்கிறது. எந்த அடவு, எந்த நடை, யார் முதலில் எடுத்தார், யார் மறித்தார் என்று எழுதுவதற்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். போகவில்லை.

4

ஸ்டுடியோவுக்குத் திரும்புவோம். மல்டிபேண்ட் கருவிகளோடு வரும் ஆயத்த அமைப்புகள் எந்த இசையை மனதில் கொண்டவை? கீழே கிக் டிரம்மும் பேஸ் கிதாரும், நடுவில் குரல், மேலே சிம்பல். ஒரு பட்டைக்கு ஒரு வாத்தியம் என்கிற குடியிருப்பு ஏற்பாடு. மேற்கத்திய ராக், பாப் குழுவுக்கு இது ஓரளவு பொருந்தும். தப்புக்கு? அதன் ஒரே அடியில், ஒரே தோலில், கீழும் நடுவும் மேலும் ஒருங்கே பிறக்கின்றன. அதை 200இலும் 3,000இலும் வெட்டினால் ஒரு அடி மூன்று துண்டாகிறது. கீழ்த்துண்டை மெதுவாகப் பிடித்து மெதுவாக விடுகிறார்கள், அது நீண்டு உறுமுகிறது. மேல்துண்டை வேகமாகப் பிடிக்கிறார்கள், சிம்புக் குச்சியின் வெடிப்பு மழுங்குகிறது. நடுத்துண்டு குரலுக்கு இடைஞ்சல் என்று இறக்கப்படுகிறது. போதாததற்கு, வழக்கமான வடிகட்டிகள் ஒவ்வொன்றும் ஒலியின் கட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தவும் செய்யும். கூட்டிப் பார்க்கையில் அளவு சரியாக இருக்கலாம், அடி விழுந்த அந்தக் கணத்தின் கூர்மை அப்படியே இருக்காது.

விளைவு என்ன? சினிமாப் பாட்டில் கேட்கும் 'நாட்டுப்புற' மேளம் பல நேரம் குடித்தெருவில் நின்று கேட்ட பறையாகவே இருக்கிறது. வயல் போய்விட்டது, மின்சுற்று வயலின் வேலையைச் செய்கிறது. யாரும் திட்டமிட்டுச் சாதி பார்த்து இதைச் செய்கிறார்கள் என்பதல்ல என் வாதம். கருவியின் முன்தீர்மானமும் காதின் முன்பழக்கமும் ஒன்றையொன்று ஆமோதித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கருத்தியல் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

இதன் அண்மை வடிவத்தையும் பார்த்துவிடலாம். டீஸர் என்கிற பிரெஞ்சு நிறுவனம் 2019இல் 'ஸ்ப்லீட்டர்' என்கிற மென்பொருளை வெளியிட்டது. முடிந்துபோன பாட்டைக் கணினியே பிரித்துக் கொடுக்கும். அதன் நான்கு பெட்டிகள்: குரல், டிரம்ஸ், பேஸ், 'மற்றவை'. நாயனம் எங்கே போகும்? அதற்குப் பெயரிட்ட பெட்டி இல்லை. குரல் என்று தவறாகக் கருதப்படாவிட்டால் அதன் கதி 'மற்றவை'. மற்றமை குறித்துப் பக்கம் பக்கமாக எழுதிய நமக்கு, மற்றமையே ஒரு பொத்தானாக வந்து நிற்பது வியப்பாக இருக்கக்கூடாது.

சட்டத்தின் காதும் இப்படி வகுக்கப்பட்ட காதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிடுகின்றன. இதை அளப்பது 'ஏ' எடைமுறை என்கிற அளவுகோலால். தாழ்ந்த ஒலிகளுக்குக் காது மந்தம் என்று 1933இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் கண்ட முடிவிலிருந்து வந்தது அது. இதன்படி 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஏறத்தாழ 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. கல்யாண மண்டபத்து டி.ஜே.யின் ராட்சதப் பேஸ் பெட்டி சுவரை அதிரவைத்தாலும் மீட்டரில் இளைத்துத்தான் தெரியும். தெருவில் போகும் தப்புக் குழுவின் சிம்புக் குச்சியோ ஒரு டெசிபலும் குறையாமல் கணக்கில் ஏறும்.

5

'அப்படியானால் வகுக்கவே கூடாது, ஒலி ஒன்றே, இசை ஒன்றே' என்று சிலர் கிளம்புவார்கள். ஒருமை பேசும் அவர்களிடம் நாம் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கவேண்டும். ஒற்றைப் பட்டைக் கம்ப்ரஸரில் நடப்பதை முன்பே பார்த்தோம். எது அதிக பலத்தோடு இருக்கிறதோ அது மொத்தத்திற்குமான விதியைத் தீர்மானிக்கிறது. மற்றவை அதன் தாளத்துக்குப் பம்மி எழவேண்டும். ஒருமை என்கிற பெயரில் நடப்பது பெரும்பான்மையின் ஆட்சி. வகுத்தல் அந்த வகையில் ஒரு விடுதலையும்கூட. ஒவ்வொரு பட்டைக்கும் தன் வரம்பைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் சுயாட்சி கிடைக்கிறது.

1932ஐ இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. தனித்தொகுதி கேட்ட அம்பேத்கர் வகுப்பதைத்தான் கேட்டார். தலித்துகளின் பிரதிநிதியைத் தலித்துகளே தேர்ந்தெடுக்கும் முறை. காந்தி உண்ணாவிரதமிருந்து அதை மறித்தார். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இடங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. ஆனால் இறுதித் தேர்தல் கூட்டுத்தொகுதியில். ஒலிப்பதிவுக்காரர் பாஷையில் சொன்னால், சத்தத்தை ஏற்றிக்கொடுத்துவிட்டு வரம்பைத் தீர்மானிக்கும் குமிழை வேறொருவர் கையில் வைத்தார்கள். ஒப்புமைகளுக்கு ஒரு எல்லை உண்டு. மனிதர்களின் வாழ்வு அதிர்வெண் அல்ல. என்றாலும் கேள்வி ஒன்றே: வகுப்பதா வேண்டாமா என்பதல்ல, கோட்டை யார் போடுவது, அதை நகர்த்தும் உரிமை உள்ளே இருப்பவருக்கு உண்டா என்பதுதான்.

தஞ்சாவூர் இந்தக் கேள்வியை முன்பே கேட்ட ஊர். ஆபிரகாம் பண்டிதர் இங்கே சித்த மருத்துவம் பார்த்து ஈட்டிய பணத்தில் 1912 முதல் சங்கீத மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடா மாநாட்டுக்குப் போய் வாதிட்டார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். அவருடைய சண்டை எதைப் பற்றியது? ஒரு ஸ்தாயியை எத்தனையாக வகுப்பது என்பதைப் பற்றியது. வடமொழி நூல் மரபு 22 சுருதி என்றது. அவர் தமிழ் மரபைக் காட்டி 24 என்றார். கணக்கில் யார் சரி என்பது வேறு விவாதம். நூல் சொன்ன கோட்டை அப்படியே ஏற்கமாட்டேன், என் காதாலும் என் கணக்காலும் நானே போட்டுப் பார்ப்பேன் என்று பார்ப்பனரல்லாத ஒரு கிறித்தவர் சொன்னார் என்பதே இதில் முக்கியம்.

மிருதங்கத்தின் கதை இன்னொரு பாடம். அதுவே ஒரு பட்டை வகுப்புக் கருவி. இடது தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பித் தாழ்ந்த ஒலி, வலந்தலையில் கரணையிட்டு உயர்ந்த ஒலி. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920லும் 1934லும் இதை ஆராய்ந்து, சாதாரணத் தோல்கருவிக்கு வாய்க்காத இசைவான கிளையதிர்வுகள் மிருதங்கத்துக்கு அந்தக் கரும்பூச்சால் வாய்க்கின்றன என்று காட்டினார். அறிவியல் கரணைக்கு மரியாதை செய்தது. தோலைத் தேர்ந்து, வெட்டி, கரணை தேய்த்து, அந்தக் கிளையதிர்வைக் காதாலேயே பிடித்த கைகளுக்கு? தஞ்சாவூரில் அந்தக் கைகள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களுடையவை. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வந்தபோது, வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. மாட்டுத்தோல் மேடையில் இருக்கலாம், மாட்டுத்தோல் பற்றிய பேச்சு இருக்கக்கூடாது. இதுவும் ஒரு வடிகட்டிதான்.

6

2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. இழிவாகச் சுமத்தப்பட்ட தொழிலிலிருந்து ஒருவர் வெளியேறுவது எந்த இசைக்கும் மேலானது. சாவுக்குப் பறையடிக்க மறுத்தவர்களின் போராட்டத்தை, 'ஐயோ, நாட்டார் கலை அழிகிறதே' என்று புலம்பிக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம் ரெட்டிப்பாளையத்துத் தப்பாட்டக் குழுக்கள் மேடையேறியதும், 2018இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடைக்குப் பறை வந்ததும் அதே மறுப்பின் இன்னொரு முகம். கருவியைத் தூக்கி எறிவதும் விரும்பி எடுப்பதும் அவரவர் தீர்மானமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மேடை கிடைத்துவிட்டது. மேடைக்கு எதிரே ஒலிக்கலவை மேசையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. தப்புக்கு எத்தனை மைக், எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில்? சிம்புக் குச்சியின் பக்கம் ஒன்று, தோலின் பின்புறம் ஒன்று என்று வைத்து இரண்டையும் தனித்தனியே கேட்டுச் சேர்க்க முடியும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் கோட்டைத் தப்பின் ஒலிக்கேற்ப நகர்த்த முடியும். ஆயத்த அமைப்பை அழிக்க ஒரு பொத்தான் போதும். ஆனால் அதை அழுத்த வேண்டும் என்று தோன்றுவதற்கு, பக்கத்தில் நின்று கேட்ட காது வேண்டும். தப்படிக்கும் குழுக்களிலிருந்து ஒலிப்பதிவு கற்றவர்கள் வரவேண்டும். கலை இரவு நடத்தும் தோழர்கள் குழுவைக் கூப்பிடும்போதே ஒலிச் சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, குழுத் தலைவரை மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, 'உங்க காதுக்குச் சரியா இருக்காண்ணே' என்று கேட்கவேண்டும். நம் நிகழ்ச்சிகளிலேயே கவிஞருக்கு மைக் சரிபார்க்கும் நேரத்தில் பாதிகூடத் தப்புக்குக் கிடைப்பதில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரத்தில் பறை ஒலித்தது என்று இனி எழுதுகிறவர், எவ்வளவு தூரத்தில் என்பதையும், அந்தத் தூரத்தை யார் வைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.